நீலாழி நாச்சி வெளிவரும் வரை

திருமுல்லைவாயில் சோழம்பேடு சாலையில் காலை ஏழரை மணிக்கு மீன் கூடையை இறக்கிவைத்துப் பூங்காவனம் ஒரு குரல் கொடுத்தால், அது மூன்று தெருவுக்குக் கேட்கும். நான்காம் மாடிக்காரர்கள் சட்டியைத் தேடி எடுத்துக்கொண்டு இறங்குவதற்குள் அவள் செதில் சீவ ஆரம்பித்திருப்பாள். விலையைக் குறைத்துக் கேட்பவர்களுக்கென்று அவளிடம் இன்னொரு குரல் இருந்தது. அதைக் கேட்டவர்கள் இரண்டாம் முறை பேரம் பேசியதில்லை. ஆனாலும் மறுநாள் அவளிடமே வந்து வாங்கினார்கள். மீன் நன்றாக இருக்கும்.

அந்த இரண்டாவது குரல்தான் அவளை வம்பில் மாட்டிவிட்டது.

2022 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதிதாகக் குடிவந்த ஒருவர் தான் வாங்கிப்போன சங்கரா மீனைத் திருப்பிக் கொண்டுவந்து, “இது பழசு” என்றார்.

“செவுளைப் பாருய்யா, செவுளை! உயிரோட கீற உன் மூஞ்சியைவிட செத்துப்போன என் சங்கரா மூஞ்சி களையா கீது. பழசாம் பழசு! நீ இன்னிக்குக் காலைல பொறந்தியா?”

மூன்றாம் மாடி பால்கனியில் நின்று இதைக் கைப்பேசியில் பதிவு செய்தாள் கிருஷ்ணப்பிரியா. கரூர்ப் பெண். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பிரம்மாண்டா இண்டராக்டிவ் என்ற வீடியோ கேம் கம்பெனியில் வேலை பார்த்தாள். அந்தக் கம்பெனி அப்போது ‘நீலாழி நாச்சி’ என்ற விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தது. கடலை ஆளும் ராணி ஒருத்தி, கொள்ளைக் கப்பல்களை விரட்டுகிறாள். ராணிக்குக் குரல் கொடுக்க மும்பையிலிருந்து வரவழைத்த பெண்மணி, கொள்ளைக்காரர்களைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல் பேசியிருந்தார்.

கிருஷ்ணப்பிரியா கீழே வந்து விஷயத்தைச் சொன்னாள்.

“இன்னாது, கேமா? நான் வந்து எதுக்கும்மா அங்க?”

“திட்டணும்ங்க்கா. அவ்வளவுதான்.”

“யாரை?”

“யாரையும் இல்லைங்க்கா. சும்மா.”

சும்மா திட்டுவது பூங்காவனத்துக்குப் பழக்கமில்லை. ஆனாலும் நல்ல பெண்ணாயிற்றே என்று போனாள்.

பிரம்மாண்டா இருந்த கட்டடம் முன்பு போல்ட்டு நட்டு செய்கிற பட்டறை. முன்பக்கம் மட்டும் கண்ணாடி பதித்திருந்தார்கள். உள்ளே ஒரு சின்ன அறையில், சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி, நடுவில் மைக் வைத்திருந்தார்கள். “உங்க கடலை எடுத்துக்க வந்திருக்காங்கன்னு நெனச்சிக்கங்க்கா” என்றாள் கிருஷ்ணப்பிரியா. பூங்காவனம் பஞ்சுச் சுவரை முறைத்துப் பார்த்தாள். பிறகு இரண்டு மணி நேரம் திட்டினாள். ஒலிப்பதிவு செய்தவர் பாதியிலேயே ஹெட்போனைக் கழற்றிவைத்துவிட்டார். அது இல்லாமலே கேட்டது.

கம்பெனியின் தலைவர் உலகநாதன் ஓடி வந்து கைகூப்பினார். கறுப்பு டி-ஷர்ட் போட்டிருந்தார். தலைவர் என்று அவரை யாரும் அழைக்கக் கூடாது. தலைமைக் கனவு அதிகாரி என்பதுதான் பதவி.

“அம்மா, இதுவரைக்கும் மக்கள் கேமை விளையாடினாங்க. இனிமே கேம் மக்களை விளையாடும்” என்றார்.

“நல்லது நைனா” என்றாள் பூங்காவனம்.

அவர் போனதும் அமல்ராஜ் என்பவர் வந்தார். ரகசியக் காப்பு அதிகாரி. தும்மலைக்கூட வாயைப் பொத்தி உள்ளேயே முடித்துக்கொள்கிற மனிதர். முப்பத்தொரு பக்க ஒப்பந்தத்தை மெல்லிய குரலில் வாசித்தார். பூங்காவனத்துக்குப் பாதி கேட்கவில்லை, மீதி புரியவில்லை. ஒரு கவரும் ஒரு இனிப்புப் பெட்டியும் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை அவள் கூடையை இறக்கி, “சங்கரா... நெத்திலீ...” என்று ஆரம்பித்தபோது, எதிரில் ஸ்கூட்டரில் அமல்ராஜ் நின்றிருந்தார். கையில் சத்தத்தை அளக்கும் கருவி.

“அம்மா, நீங்க இப்ப நாச்சியோட குரல்ல சங்கரான்னு சொல்லிட்டீங்க.”

“சங்கராவை சங்கரான்னு சொல்லாம பின்ன இன்னான்னு சொல்றது?”

“சொல்லலாம். குரல்தான் கூடாது. பிரிவு பதினாலு. நாச்சியோட குரல் கம்பெனியின் ரகசியம். கேம் வெளியாகும் நாள் வரைக்கும் பொது இடத்துல அது கேட்கக் கூடாது. மீறினா கம்பெனிக்கு வர்ற மொத்த நஷ்டத்துக்கும் நீங்கதான் பொறுப்பு.” கருவியைக் காட்டினார். “ஐம்பத்தஞ்சு டெசிபல் வரைக்கும் உங்களுது. அதுக்கு மேல எங்களுது.”

பக்கத்தில் கீரை விற்கும் குப்பம்மா தோழியின் காதில், “ஊட்டை எழுதி வாங்கிக்கப் போறான்டி, வாயை மூடு” என்றாள்.

“எத்தினி நாளைக்கு?” என்று கேட்டாள் பூங்காவனம், ஐம்பத்தைந்து டெசிபலில்.

“பொங்கல் வரைக்கும்தாம்மா. பொங்கலுக்கு ரிலீஸ்.”

பொங்கலுக்கு ஐந்து மாதம் இருந்தது. தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

கத்தாமல் மீன் விற்பது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. குப்பம்மா உதவி செய்யப் பார்த்தாள். தன் கீரையோடு சேர்த்து, “அரைக்கீரே, சிறுகீரே, வவ்வாலு, நெத்திலீ” என்று கூவினாள். கீரை வாங்குகிற சைவக் குடும்பங்கள் இரண்டு நாளில் வேறு கீரைக்காரியிடம் போய்விட்டன. மூன்றாம் நாள் அமல்ராஜ் வந்து, குப்பம்மாவின் குரல் நாச்சியின் குரலைப் போலி செய்கிறதா என்று ஆராய்ந்து, இல்லை, அது வெறும் தொண்டைக்கட்டு என்று எழுதிக்கொண்டு போனார்.

பிறகு ஒரு அட்டையில் எழுதிவைத்தாள்: ‘மீன் உண்டு. பேச முடியாது.’ தெருவில் அவளுக்குப் பேச்சு போய்விட்டதாகச் செய்தி பரவியது. ஒருவர் தொண்டை டாக்டரின் விலாசம் கொடுத்தார். இன்னொரு அம்மாள் மௌன விரதம் என்று நினைத்து, மீன் விற்பவளுக்கே இவ்வளவு பக்தியா என்று கும்பிட்டுவிட்டுப் போனார். ஆனால் கும்பிட்டவர், பரிதாபப்பட்டவர் எல்லோரும் ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தார்கள். இத்தனை வருடம் வாயைத் திறக்கப் பயந்தவர்கள் இப்போது தாராளமாகப் பேரம் பேசினார்கள். அவள் விரலைக் காட்டுவாள். அவர்கள் ஒரு விரலை மடக்கிவிடுவார்கள்.

பொங்கலுக்கு நான்கு நாள் முன்னால் கம்பெனியிலிருந்து அழைப்பிதழ் வந்தது. வெளியீட்டு விழா என்று நினைத்து நல்ல புடவை கட்டிக்கொண்டு போனாள் பூங்காவனம். அது ஒத்திவைப்பு விழா.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். கேக் வெட்டினார்கள். உலகநாதன் மேடையேறினார்.

“சீக்கிரம் வர்ற கேமை மக்கள் ஒரே வாரத்துல மறந்துடுவாங்க. வராத கேமை யாராலும் மறக்க முடியாது. நாங்க மறக்க முடியாத கேமைத் தரப்போறோம். தாமதம்ங்கிறது தப்பு இல்ல. தாமதம்தான் எங்க தரம்!”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அடுத்து, வருத்தம் தெரிவிப்பதற்கென்றே கம்பெனி வைத்திருந்த வருத்தப் பிரிவின் பதினோரு பேரும் மேடைக்கு வந்து, ரசிகர்களுக்கான வருத்தக் கடிதத்தை வாசித்தார்கள். ‘கனத்த இதயத்துடன்’ என்பதா, ‘நெகிழ்ந்த இதயத்துடன்’ என்பதா என்று மூன்று வாரம் விவாதித்து, ‘கனத்து நெகிழ்ந்த’ என்று முடிவு செய்திருந்தார்கள். கடிதத்தின் பின்னணிக்கு எந்த நீலம் என்று தீர்மானிக்கத் தனியாக ஒரு குழு இருந்தது.

பூங்காவனம் கிருஷ்ணப்பிரியாவைத் தேடிப் பிடித்தாள். “கேமு செய்யறவங்க எத்தினி பேரு பாப்பா?”

“என்னையும் சேத்து நாலு பேருங்க்கா.”

“எவ்ளோ முடிஞ்சிகீது?”

கிருஷ்ணப்பிரியா அக்கம்பக்கம் பார்த்தாள். “நாச்சியோட மூக்குத்தி முடிஞ்சிருச்சுங்க்கா. உத்துப் பார்த்தா அதுல வானம் தெரியும். கடல் இன்னும் வரலை.”

“கடல் இல்லாம எப்படிம்மா கடல் ராணி?”

“மூக்குத்தி சரியா வந்தப்புறம்தான் கடல்னு சார் சொல்லிட்டாருங்க.”

புதிய தேதி ஆடிப்பெருக்கு. ஆடிப்பெருக்குக்கு மூக்குத்தியின் திருகாணி சரியில்லை என்று தீபாவளிக்குத் தள்ளினார்கள். தீபாவளிக்கு முன் உலகநாதன் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போய்வந்தார். திரும்பி வந்ததும் எல்லோரையும் கூட்டி, “கடல் பழசு. எல்லாரும் விண்வெளிக்குப் போயிட்டாங்க” என்றார். நாச்சி இனி கிரகங்களை ஆள்வாள். அதுவரை உருவான இரண்டு மீன்களையும் ஒரு அலையையும் அழித்தார்கள்.

பூங்காவனத்தை மறுபடி ஒலிப்பதிவுக்கு அழைத்தார்கள். ஓராண்டுக்குப் பிறகு வாய்விட்டுக் கத்தப்போகிறோம் என்று அவள் ரயிலடியிலிருந்து கிட்டத்தட்ட ஓடியே வந்தாள். பஞ்சறைக்குள் நுழைந்து மூச்சை இழுத்தாள். அப்போது விஞ்ஞான ஆலோசகர் என்ற ஒருவர் கையை உயர்த்தினார்.

“விண்வெளியில காற்று கிடையாது. அதனால சத்தமும் கிடையாது. நீங்க திட்டற மாதிரி வாயை அசைச்சா போதும்.”

மூன்று மணி நேரம் அவள் மைக் முன்னால் சத்தமில்லாமல் வாயை அசைத்தாள். அந்த மௌனத்தை நான்கு விதமாகப் பதிவு செய்துகொண்டார்கள். இரண்டாவது மௌனம் மிகவும் உணர்ச்சிகரமாக வந்திருப்பதாக உலகநாதன் பாராட்டினார்.

இதற்கிடையில் ‘மிக அதிகமாக எதிர்பார்க்கப்படும் விளையாட்டு’ என்ற விருது பிரம்மாண்டாவுக்கு இரண்டு ஆண்டு தொடர்ந்து கிடைத்தது. “வெளிவந்த எந்த கேமாவது இந்த விருதை ரெண்டாவது தடவை வாங்கியிருக்கா?” என்று உலகநாதன் கேட்டார்.

2025 ஜூன் மாதத்தில் ஒரு காலை. தண்ணீர் லாரி ஒன்று சோழம்பேடு சாலையில் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. குப்பம்மா குனிந்து கீரைக்கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். லாரி ஓட்டுநர் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். பூங்காவனம் பார்த்தாள். வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

“ஏய் குப்பூ! எந்திரிடீ! யோவ் லாரீ! நிறுத்துய்யா!”

லாரி நின்றது. பின்சக்கரத்துக்கும் குப்பம்மாவுக்கும் நடுவில் ஒரு கீரைக்கட்டு மட்டும் நசுங்கிக் கிடந்தது. மூன்று தெருவின் பால்கனிகளிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். பேச்சு வந்துவிட்டது என்று யாரோ கைதட்டினார்கள்.

தெரு மின்கம்பத்தில் கம்பெனி கட்டிவைத்திருந்த கருவி அந்தச் சத்தத்தை அளந்திருந்தது. இரண்டாம் நாள் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது: ‘நூற்றிரண்டு டெசிபல். மேற்படி கூச்சல் தவிர்க்க இயலாததா?’ தொழிற்பேட்டையில் விசாரணை நடந்தது. மேசைக்குப் பின்னால் உலகநாதன், அமல்ராஜ், வருத்தப் பிரிவிலிருந்து ஒருவர்.

“ஆபத்து ஏற்பட்டது உண்மைதான்” என்றார் அமல்ராஜ். “ஆனா நீங்க அவங்க பக்கத்துல போய், தோளைத் தொட்டு, மெதுவாச் சொல்லியிருக்கலாமே?”

“அதுக்குள்ள செத்துப்பூட்டிருப்பா நைனா.”

“அது நடந்திருந்தா நாங்களே வருத்தம் தெரிவிச்சிருப்போம்மா” என்றார் வருத்தப் பிரிவுக்காரர், உண்மையான கனிவோடு. “நல்லா எழுதுவோம்.”

முதல் முறை என்பதால் மன்னித்து எச்சரித்து அனுப்பினார்கள். வெளியே வந்து கேட்டுக்குப் பக்கத்தில் சிமெண்ட் திட்டில் உட்கார்ந்தாள் பூங்காவனம். கிருஷ்ணப்பிரியா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் குடிக்கவில்லை.

“இவனுங்க கேட்டது வுடு பாப்பா. நான் வாயைத் தொறந்தேன், மூடிகினேன். அந்தக் கருவி கண்ணு முன்னால வந்துச்சு. லாரி பின்னால வர்றான், இவ முப்பது வருசமா என் பக்கத்துல குந்திகினு கீறா, நான் டெசிபல் பார்த்துகினு நின்னுகீறேன். இன்னா பொம்பள நானு?”

அந்தக் குரலைப் பதிவு செய்து கொண்டுபோனது கிருஷ்ணப்பிரியாதான். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆகஸ்டில் விளையாட்டைக் கைவிட்டார்கள். கைவிட்டதாகச் சொல்லவில்லை. ‘நீலாழி நாச்சி தன் பயணத்தை நிறைவுசெய்து கனவுக்குத் திரும்புகிறாள்’ என்று அழைப்பிதழில் அச்சடித்திருந்தது. சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலை ஓரமாக ஒரு கல்யாண மண்டபத்தில் நிறைவுப் பெருவிழா. விளையாட்டு செய்த நான்கு பேரையும் முந்தின நாளே வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். வருத்தப் பிரிவில் பதினோரு பேரும் பத்திரமாக இருந்தார்கள்; அவர்களுக்குத்தான் இப்போது வேலை அதிகம்.

பூங்காவனத்துக்கு அதெல்லாம் வருத்தமில்லை. வாசலில் அமல்ராஜைப் பார்த்ததும் சிரித்தாள்.

“முடிஞ்சிச்சில்ல நைனா? நாளைலேர்ந்து நான் கூவலாம்ல?”

அமல்ராஜ் ஒப்பந்தத்தைப் பிரித்தார். “வெளியீட்டு நாள் வரைக்கும்தான் தடை. ஆனா இனிமே வெளியீட்டு நாளே கிடையாது. அதனால தடை முடியறதுக்கு வழியில்லம்மா.”

“அப்போ நான் சாவற வரைக்குமா?”

அவர் பக்கத்தைப் புரட்டினார். “அதுக்கப்புறமும். வாரிசுகளும் உரக்கப் பேசக் கூடாது. பக்கம் இருபத்திரண்டு.”

பூங்காவனம் உள்ளே போய் உட்கார்ந்தாள். மேடையில் உலகநாதன் பேசிக்கொண்டிருந்தார். விழாவைக் கம்பெனியின் அதிகாரபூர்வ யூடியூப் பக்கத்தில் நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

“வெளிவந்த கேம்ல ஆயிரம் குறை சொல்வாங்க. நாச்சியில ஒரு குறை சொல்லுங்க பார்ப்போம்! சொல்ல முடியாது. குறையே இல்லாத கேம் உலகத்துல ஒண்ணே ஒண்ணு. அது நம்மளுது. ஏன்னா அதை யாரும் பார்க்கல!”

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. அடுத்து, ‘குரல் கொடையாளர்’ பூங்காவனத்துக்குப் பொன்னாடை என்று அறிவித்தார்கள். அவள் மேடையேறினாள். உலகநாதன் போர்த்திவிட்டு மைக்கை நீட்டினார். “ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா” என்றார். பிறகு நினைவு வந்து, “மெதுவா” என்றார்.

பூங்காவனம் மைக்கைப் பார்த்தாள். முன்வரிசையில் அமல்ராஜ் கருவியோடு உட்கார்ந்திருந்தார். அவள் மைக்கை உலகநாதனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். அது அவளுக்குத் தேவைப்படவில்லை.

“யோவ்! இன்னாய்யா நெனச்சிகினு கீறே? மூணு வருசமா வர்றா வர்றான்னு சொன்னியே, எங்கய்யா உன் நாச்சி? புடிக்காத மீனுக்கு மாலை போட்டு ஊர்கோலம் உடறவனை இன்னிக்குத்தான்யா பார்க்கறேன்! என் கூடையில இல்லன்னா இல்லன்னு சொல்வேன். நாளைக்கு வா, திமிங்கலம் வருதுன்னு சொல்ல மாட்டேன்! கெட்டுப்போன மீனுன்னா நாத்தத்துலயாச்சும் தெரியும். உன்னுது நாறக்கூட இல்ல, ஏன்னா கூடையே காலி! கடலை வச்சியா? இல்ல. மூக்குத்தி செஞ்சானாம் மூக்குத்தி! மூக்கு எங்கடா? செஞ்ச நாலு புள்ளைங்களைத் தொரத்திட்டு, அழறதுக்குப் பதினோரு ஆளை வச்சிகினு கீறே. சாவு ஊட்டுலகூட பொணம் இருந்தாத்தான்யா அழுவாங்க! என் வாயைப் பூட்டினியே, அன்னிக்கு என் குப்பு லாரில மாட்டியிருந்தா, அந்தப் பூட்டை எங்கய்யா கொண்டுபோய் வச்சிருப்பே?”

கடைசி வாக்கியத்தில் அவள் குரல் உடைந்தது. பொன்னாடையை மடித்து மேசையில் வைத்துவிட்டு இறங்கி நடந்தாள். அமல்ராஜின் கருவி எண்ணைக் காட்டுவதை நிறுத்திவிட்டிருந்தது.

பிரம்மாண்டாவின் நேரலைகளை வழக்கமாக முந்நூறு பேர் பார்ப்பார்கள். அன்று மாலைக்குள் நான்கு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். பலர் அதை விளையாட்டின் முன்னோட்டம் என்றே நினைத்து, எங்கே வாங்கலாம் என்று கேட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை வக்கீல் நோட்டீஸ் வந்தது. பூங்காவனம் அதையும் பழைய ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனாள். வேலை இல்லாததால் கிருஷ்ணப்பிரியாவுக்கு நேரம் இருந்தது. மூன்று வருடத்தில் முதல் முறையாக ஒருவர் அந்த ஒப்பந்தத்தின் முப்பத்தொரு பக்கத்தையும் உட்கார்ந்து அர்த்தம் பார்த்துப் படித்தார். மூன்றாம் பக்கத்திலேயே அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அன்று மதியமே இருவரும் அம்பத்தூருக்குப் போனார்கள்.

“இதைக் கொஞ்சம் படிங்க சார்.”

அமல்ராஜ் படித்தார். ‘வெளியீட்டு நாள் என்பது, நாச்சியின் குரல் கம்பெனியின் அதிகாரபூர்வத் தளத்தில் பொதுமக்கள் கேட்கும்படி முதன்முதலாக ஒலிக்கும் நாளைக் குறிக்கும்.’ இன்னொரு முறை படித்தார். மூன்றாம் முறை விரல் வைத்துப் படித்தார்.

“நேத்து ஒலிச்சிருச்சுங்களே” என்றாள் கிருஷ்ணப்பிரியா. “உங்க தளத்துலயேதான். நான் போடலை. நீங்களே போட்டீங்க.”

அமல்ராஜ் உலகநாதனின் அறைக்குள் போனார். கண்ணாடிக்கு அப்பால் உலகநாதன் முதலில் தலையில் கைவைத்தார், பிறகு யோசித்தார், பிறகு நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். வெளியே வந்து பூங்காவனத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“அம்மா! நாங்க ரிலீஸ் பண்ணிட்டோம்!”

ஆனந்தத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து அதிலிருந்து வெளிவந்த ஒரே பொருள் அதுதான். மாலைக்குள் அறிக்கை போனது. வருத்தப் பிரிவுக்கு மகிழ்ச்சி எழுதத் தெரியாததால், ‘கனத்து நெகிழ்ந்த இதயத்துடன் வெளியிட்டுவிட்டோம்’ என்று எழுதினார்கள். கூடவே இரண்டாம் பாகத்தையும் அறிவித்து, அதற்கான முதல் ஒத்திவைப்புக்கு அன்றே நாள் குறித்தார்கள்.

அந்த அறிக்கையால் வேலை போனது ஒருவருக்குத்தான். காக்க வேண்டிய ரகசியம் எதுவும் மிச்சமில்லை என்பதால் அமல்ராஜின் பதவியை நீக்கிவிட்டார்கள்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பை ஒன்றை எடுத்துக்கொண்டு சோழம்பேடு சாலைக்கு வந்தார். பூங்காவனத்தின் கூடையைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று ஆளுக்கொரு மீனைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் ஓரமாக நின்று, உதட்டை லேசாக அசைத்து ஏதோ சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் முறையும் கேட்கவில்லை. அவருக்குப் பின்னால் வந்த மூன்று பேர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பூங்காவனம் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். குப்பம்மாவும் பார்த்தாள். “துரத்துடி அவனை” என்றாள் குப்பம்மா.

பூங்காவனம் கத்தியைத் துடைத்துவிட்டு, “இன்னா நைனா வேணும்?” என்று கேட்டாள்.

மறுபடி உதடு அசைந்தது.

“சத்தமா கேளு. காதுல வுழல.”

அமல்ராஜ் இரண்டு பக்கமும் பார்த்தார். தொண்டையைச் செருமினார். கண்ணை மூடிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாகத் தெருவே திரும்பிப் பார்க்கும்படி, “அரைக் கிலோ நெத்திலி!” என்று கத்தினார்.

“அக்காங், அப்பிடிக் கேளு” என்று பூங்காவனம் தராசை எடுத்தாள்.